கோயம்புத்தூர் விதையும் நேட்டால் கரும்பும்

வழிகாட்டிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய எச்-இண்டெக்ஸை, அதாவது அவர் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும் எண்ணைப் பார்க்க வேண்டுமா என்று ஊரிலிருந்து மாணவர்கள் எழுதிக் கேட்பதுண்டு. பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே கரும்புக்காடுகளுக்கு நடுவே சில வருடங்கள் மரபணு ஆய்வில் இருந்த பிறகு எனக்கு வேறோர் அளவுகோல் பழகிவிட்டது. ஒரு மரபியல் அறிஞர் செய்தது எங்கெல்லாம் போய் வேர்பிடித்திருக்கிறது, யார் யார் அதை வாங்கிக்கொண்டு அடுத்த காரியத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதுதான் அது. அப்படித் தேடியதில் எனக்கு முதலில் அகப்பட்டவர் சர் டி.எஸ். வெங்கட்ராமன்.

கோயம்புத்தூரில் வேளாண்மை படித்த காலத்தில் அவர் எனக்கு ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். 1884இல் பிறந்தார், கரும்பில் வேலை செய்தார், 1956இல் பத்மபூஷண், 1963இல் மறைவு. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தோம். லாலி ரோட்டில் கரும்பு நிலையத்தின் வாசலைத் தாண்டித்தான் தினமும் பஸ் போகும். உள்ளே எட்டிப்பார்க்கத் தோன்றியதில்லை.

அந்த நிலையம் 1912இல் தொடங்கியது. தலைவர் சார்லஸ் ஆல்ஃப்ரெட் பார்பர் என்ற தாவரவியலாளர், அவருக்கு உதவியாளராகப் போனவர் வெங்கட்ராமன். வட இந்தியாவில் அப்போது விளைந்தது குச்சி மாதிரி மெல்லிய கரும்பு. ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தெற்கே இருந்த தடித்த, சாறுள்ள கரும்பை வடக்கே நட்டால் குளிரிலும் வறட்சியிலும் படுத்துவிடும். கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் ஊர் என்பதால் கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அவர்கள் செய்த காரியம் இன்றைக்குக் கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். வெள்ளைக் கரும்பின் பூவில், வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் பேய்க்கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். இனிப்பே இல்லாத புல் அது. ஆனால் வறட்சி, குளிர், நோய் எதற்கும் அசையாது. அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. பார்பருக்குப் பிறகு 1942 வரை வெங்கட்ராமன்தான் பொறுப்பு. அவர் இன்னொரு படி மேலே போய், தடித்த கரும்பு, வட இந்திய மெல்லிய கரும்பு, காட்டுக் கரும்பு என்று மூன்றின் இரத்தத்தையும் ஒரே ரகத்தில் சேர்த்தார். ஜாவாவில் டச்சுக்காரர்கள் உருவாக்கிய பி.ஓ.ஜே 2878ஐயும் தயங்காமல் பெற்றோராக எடுத்துக்கொண்டார். ஜாவாவில் வேலை செய்த யெஸ்வீட் என்ற டச்சு அறிஞரோ, வட இந்திய மெல்லிய கரும்புக்குப் பார்பரின் பெயரையே வைத்து சாக்கரம் பார்பெரி என்று பதிவு செய்தார். சந்தையில் இரண்டு நாடுகளும் போட்டியாளர்கள். ஆய்வுக்காரர்கள் மட்டும் ஒருவர் வேலையை ஒருவர் எடுத்து ஆண்டுகொண்டிருந்தார்கள்.

சரி, தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் 1930கள் வரை ஏறக்குறைய எல்லாக் காட்டிலும் ஊபா என்ற ஒரே கரும்பு. நார் அதிகம், ஆலைக்காரர்களுக்குப் பிடிக்காது, போதாக்குறைக்குக் கீற்று நோய் வேறு. அந்த ஊபாவை வெட்டியவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். 1860க்கும் 1911க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதில் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்தான் அதிகம். பிறகு 1925இல் மவுண்ட் எட்ஜ்கோம்ப்பில் சர்க்கரை ஆய்வு நிலையம் வந்தது. அது முதலில் கோயம்புத்தூர் ரகங்களை வாங்கி நட்டுப் பார்த்தது. 281, 290, 301, 331 என்று வரிசையாகக் கோ கரும்புகள் வந்து ஊபாவைத் துரத்தின.

ஆனால் வெளியூர் ரகத்தைக் கொண்டுவந்து நடுவது வேறு, தன் மண்ணுக்கு ஏற்ற ரகத்தைத் தானே பொறுக்கி எடுப்பது வேறு. நேட்டாலில் கரும்பு பூக்கும், ஆனால் விதை பிடிக்காது. இரவுக் குளிரில் மகரந்தம் மலடாகிவிடும். சூடேற்றிய கண்ணாடி வீடு, பகல் நீளத்தை விளக்கால் கட்டுப்படுத்தும் கூடம் எல்லாம் பிற்காலத்தில்தான் வந்தன. அதுவரைக்கும் வழி ஒன்றே ஒன்று. கோயம்புத்தூரில் கலப்புச் செய்து, பஞ்சு போன்ற அந்த விதையை நேட்டாலுக்கு அனுப்புவது, இங்கே முளைக்க வைத்துப் பொறுக்குவது. 1930களின் கடைசியில் அப்படி வந்த விதைகளில் கோ 421, கோ 312 இரண்டையும் சேர்த்த கலப்பும் ஒன்று. அதிலிருந்து 1945இல் என்.கோ 310 வெளியானது, 1955இல் என்.கோ 376. முன்னெழுத்தில் என் என்றால் நேட்டால், கோ என்றால் கோயம்புத்தூர்.

இந்த 376ஐப் பற்றி இங்கே வயதான விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். தூருக்கு அத்தனை கரும்பு கட்டும், வெட்ட வெட்ட மறுதாம்பு வரும். பல பத்தாண்டுகள் தென்னாப்பிரிக்கக் கரும்பின் முதுகெலும்பு அதுதான். தோங்காட் பக்கம் சின்னதாகக் கரும்பு வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் நான்காம் தலைமுறை, வீட்டில் இப்போது இங்கிலீஷ்தான். ஆனாலும் என்னிடம் விடாமல் தமிழில் பேசுவார்.

"எங்க தாத்தாவும் மெட்ராஸ் கப்பல், இந்தக் கரும்பும் மெட்ராஸ் கப்பலா தம்பி?" என்று சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு யாரு காசு வாங்குனா?" என்றார்.

யாரும் வாங்கவில்லை அங்கிள், அந்தக் காலத்தில் நிலையங்கள் கேட்டால் கொடுத்துக்கொண்டன என்றேன். அவர் நம்பினமாதிரித் தெரியவில்லை.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்தியர்கள் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தை எதிர்த்து 1946 ஜூலையில் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தையே முறித்துக்கொண்டது. அது 1993 வரை நீடித்தது. முறித்தது நியாயம்தான், எனக்கு அதில் மறுபேச்சில்லை. ஆனால் விதை அதற்குமுன்பே மண்ணில் இறங்கிவிட்டது. இரண்டு அரசாங்கங்களும் முகம் கொடுத்துப் பேசாத காலம் முழுக்க, இங்கே கோயம்புத்தூர் நாற்றுகளிலிருந்து ரகம் பொறுக்கும் வேலை நடந்துகொண்டே இருந்தது. வெங்கட்ராமன் பெயரைக் கேட்டறியாத தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இரண்டு தலைமுறைக்கு அவர் கொடுத்த பெற்றோரை வைத்தே தங்கள் வாழ்க்கையை நடத்தினார்கள். அவர்களுடைய கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. வம்சாவளி அட்டவணையில் தேடினால் கோ, கோ, கோ என்று வரிசையாக வரும்.

இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை, வேலையில் முட்டிக்கொண்டு தெரிந்தது. நான் இருந்த ஆய்வகத்தில் பழைய ரகங்களின் மரபணு அடையாளத்தைச் சரிபார்க்கும் திட்டம் ஒன்று ஓடியது. முறை எளிதானது. மரபணுத் துண்டுகளைப் பிரித்துப் படமெடுத்தால் கோடு கோடாகப் பட்டைகள் தெரியும். பிள்ளையிடம் தெரியும் ஒவ்வொரு பட்டையும் தாயிடமோ தகப்பனிடமோ இருந்தாக வேண்டும். இருவரிடமும் இல்லாத பட்டை பிள்ளையிடம் இருந்தால் பதிவேட்டில் எங்கோ கோளாறு. 376 என்று பலகை நட்டிருந்த ஒரு பாத்தியிலிருந்து எடுத்த இலை இந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறியது. கோ 421, கோ 312 இரண்டோடும் பொருந்திவிட்டது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் திருப்தி.

காட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூலு பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரை எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். நேராகப் போய் ஒரு கரும்பை ஒடித்தார். சோகையை உரித்தார். கணுவில் ஒட்டியிருந்த பருவைக் கட்டைவிரல் நகத்தால் சுற்றி வரைந்து காட்டினார், அதன் தோள் எப்படி இருக்கிறது பார் என்று. கணுவுக்குக் கீழே படிந்திருந்த மெழுகை விரலால் வழித்து எவ்வளவு வருகிறது என்று காட்டினார். இலையுறையின் முதுகைத் தடவச் சொன்னார், சுணை குத்துகிறதா என்று. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய், சந்தேகமே இல்லாத 376ஐ ஒடித்து அதே மூன்றையும் காட்டினார். இரண்டும் வேறு என்று குருடனுக்கும் தெரியும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பா அம்மா ஒன்றுதானே! பெற்றோர் சோதனையில் தேறினால், இது இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று மட்டும்தான் அர்த்தம். இந்தப் பிள்ளைதான் என்று அர்த்தமில்லை. ஒரே கலப்பிலிருந்து பல ரகங்கள் பொறுக்கப்பட்ட இடத்தில் பலகை மாறிப்போனால் அந்தச் சோதனை கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. சந்தேகமில்லாத மூலச் செடியின் முழு மரபணு அடையாளத்தோடு பட்டைக்குப் பட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பிட்டோம். பாபா சொன்னதுதான் சரி, அது கூடப்பிறந்த இன்னொன்று. எங்கேயோ ஒரு மறுநடவில் பாத்தி மாறியிருக்கிறது. மரபணு ஆய்வில் புதிதாக இறங்குகிறவர்கள் இதை எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம். வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை.

பிறகு கட்டுரை எழுதும்போது நன்றிப் பகுதியில் பாபாவின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றேன். எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 'களப் பணியாளர்கள்' என்று பொதுவாகப் போட்டால் போதாதா என்றார். போதாது என்றேன். கொஞ்சம் இழுபறியாகத்தான் முடிந்தது. பெயர் வந்தது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி.

வெங்கட்ராமன் மற்ற விஞ்ஞானிகளுக்கு என்னவாக இருந்தார் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ஜானகி அம்மாளைத்தான். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகனில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் 1934இல் கோயம்புத்தூர் நிலையத்துக்கு வந்தார். வெங்கட்ராமனிடம் கலப்புகள் குவிந்து கிடந்தன. கரும்போடு சோளம், கரும்போடு மூங்கில் என்று துணிந்து என்னென்னவோ செய்து பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணிச் சொல்ல ஆள் வேண்டுமே. ஜானகி அம்மாள் எண்ணினார். காட்டுக் கரும்பு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு எண்ணிக்கை காட்டுகிறது, 40லிருந்து 128 வரை போகிறது என்பது இன்று பாடப்புத்தக விஷயம். அந்தச் சித்திரத்தில் இந்தியப் பகுதியைத் தீட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார்.

1939இல் எடின்பரோவில் மரபியல் மாநாட்டுக்குப் போனவர் போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். ஜான் இன்ஸ் நிறுவனத்தில் வேலை. அங்கே டார்லிங்டன் என்ற குரோமோசோம் ஆய்வாளரோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பெருநூலாக வெளியிட்டார். அது கோட்பாடு பேசும் புத்தகமில்லை, பட்டியல். அடுத்த பல வருடங்களுக்கு உலகத்தில் எந்தப் பயிரைக் கலப்பவரும் முதலில் புரட்டியது அதைத்தான். நம் மாணவர்களுக்குப் பட்டியல் போடும் வேலை என்றால் ஒரு இளக்காரம் இருக்கிறது. குமாஸ்தா வேலை என்பார்கள். பெரிய பெரிய கோட்பாடுகள் வந்து போய்விட்டன, எண்ணி வைத்த எண்கள் அப்படியே நிற்கின்றன.

வெங்கட்ராமனின் சோளக் கலப்பும் மூங்கில் கலப்பும் அவர் எதிர்பார்த்தபடி பெரிய ரகமாக வந்து நிற்கவில்லை. சோளம்போலக் குறைந்த மாதங்களில் கரும்பு விளைய வேண்டுமென்பது அவர் ஆசை. ஆனாலும் செய்ததைச் செய்தபடி எழுதி வெளியிட்டார். அதனால்தான் வேற்றினக் கலப்பு சாத்தியமா என்று பின்னால் வந்தவர்கள் வாதாட முடிந்தது, திரும்பச் செய்து பார்க்க முடிந்தது. இன்று தோற்ற சோதனையை எழுதினால் எந்தப் பத்திரிகை போடும் என்று கேட்கிறீர்களா? ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போடுங்கள், நிலையத்தின் ஆண்டறிக்கையில் போடுங்கள். தென்னாப்பிரிக்கச் சர்க்கரைத் தொழில்நுட்பர் சங்கத்தின் மாநாட்டுத் தொகுதிகள் 1920களிலிருந்து இருக்கின்றன. எனக்கு உதவிய தகவல்களில் பாதிக்கு மேல் அங்கேதான் கிடைத்தது, பெரிய பத்திரிகைகளில் இல்லை. இனப்பெருக்க ஆய்வாளர்கள் ஊருக்குள் பேசுகிறமாதிரி எழுதியிருப்பார்கள், எது செத்தது, எந்த வருடம் மழை ஏமாற்றியது என்று. புதுத் திட்டம் எடுக்குமுன் ஒரு வாரம் இப்படிப்பட்ட பழைய தொகுதிகளோடு உட்கார்ந்துவிடுங்கள். தேடுபொறி இதைக் கொண்டுவந்து காட்டாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என்.கோ 310 நேட்டாலோடு நிற்கவில்லை. தைவானுக்குப் போனது, ஒகினாவாவுக்குப் போனது, ஆஸ்திரேலியாவுக்குப் போனது. பண்டபர்க் வட்டாரத்தில் விவசாயிகள் அதையே நட்டார்கள். 1970களில் ஃபிஜி நோய் வந்தது. தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் அது, 310க்குத் தாங்கும் சக்தி இல்லை. காடு காடாகப் போனது. ஆப்பிரிக்காவில் கரிப்பூட்டை நோய்க்கும் அது எளிதில் இடம்கொடுத்தது. 376ம் அதே பெற்றோரின் பிள்ளைதான். செல்வாக்கு என்பது இப்படியும் வேலை செய்யும். ஒருவர் கொடுத்தது ரொம்ப நன்றாக இருந்தால் அடுத்தவர்கள் வேறு எதையும் தேடாமல் விட்டுவிடுவார்கள். ஆய்வுக் குழுக்களிலும் இதைப் பார்க்கிறேன். குருவின் முறை, குருவின் மென்பொருள், குருவின் செடி என்று மூன்று தலைமுறை போகும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பழைய மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் அவர் செய்ததையே செய்துகொண்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஜானகி அம்மாள் கரும்பிலிருந்து கிளம்பி மக்னோலியா மரம்வரைக்கும் போனார்.

இப்போதெல்லாம் உறையில் விதையைப் போட்டு அனுப்ப முடியாது. இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் 2002இல் வந்தது, உயிர்வளத்தை எடுப்பவர் அதன் பலனைக் கொடுத்த நாட்டோடு பகிர வேண்டும் என்னும் நகோயா ஒப்பந்தம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்திய கண்ணாடி வீட்டில் நோய்ச் சோதனை என்று கரும்புக் கரணை ஒன்று கடல் தாண்ட வருடக்கணக்காகும். தோங்காட் பெரியவர் கேட்ட கேள்விக்கு இந்தச் சட்டங்கள்தான் பதில், அதனால் நான் குறை சொல்லமாட்டேன். திட்டக் காலம் மூன்று வருடம் என்றால் பரிமாற்ற விண்ணப்பத்தை முதல் மாதமே போட்டுவிடுங்கள். கரணைதான் வேண்டுமா, பிரித்தெடுத்த மரபணு மட்டும் போதுமா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். இரண்டாவதற்குப் பூச்சி, நோய்ச் சோதனைத் தொல்லை பெருமளவு குறையும், ஒப்பந்தம் மட்டும் எப்படியும் வேண்டும். மரபணு எழுத்துகளின் வரிசைத் தகவலே போதுமென்றால் இன்னும் நல்லது. ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 ரகத்தின் முழு மரபணுத் தொகுதி 2024இல் வெளியாகிவிட்டது, இந்தப் பக்கத்து ஆய்வுகளுக்கு அதை வைத்தே நிறைய ஓட்டலாம்.

விண்ணப்பப் படிவத்தில் ரகத்தின் பெயருக்குக் கீழே பெற்றோர் விவரம் என்று ஒரு கட்டம் இருக்கும், விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற குறிப்போடு. பெரும்பாலானவர்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். தாய், தகப்பன், கலப்புச் செய்த இடம், வருடம் நான்கையும் எழுதுங்கள். அதையே பென்சிலில் அலுமினியத் தகட்டில் அழுத்தி எழுதிப் பாத்தியிலும் கட்டுங்கள். மார்க்கர் மை டர்பன் வெயிலில் ஒரு பருவம்கூடத் தாங்காது.